நேரம் கேட்காமல் போனவன்

பாதையின் குறுக்கே இரண்டு கால்கள் நீட்டிக் கிடந்தன.

கால்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் புதருக்குள் இருந்தது.

வால் அக்கா சட்டென்று நின்றாள். நெற்றியில் கட்டியிருந்த விளக்கைக் கால்களின் மேல் திருப்பினாள். ஓட்டக்காரர்கள் போடும் ஷூ. அசைவே இல்லை.

இரவு பதினொன்றரை மணி. வெயில் போய் ஐந்து மணி நேரமாகியும் மலைக்காடு கொதித்துக்கொண்டிருந்தது. ஓர் இலைகூட ஆடவில்லை. வால் அக்காவின் புருவத்திலிருந்து வியர்வை சொட்டியது.

'கடவுளே... இந்த வருஷமுமா?'

குனிந்தாள். மெதுவாகக் கணுக்காலைத் தொட்டாள்.

பிணம் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"யாரு?" என்று கேட்டது.

"என்னைக் கேக்கறீங்களா? நல்லா இருக்கு. முதல்ல உங்க நம்பரைக் காட்டுங்க."

புதர் சலசலத்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நெற்றியில் விளக்கும் முதுகில் பையுமாகத் தவழ்ந்து வெளியே வந்தான். பனியனில் நாற்பத்தொன்று என்ற எண் ஒரே ஓர் ஊக்கில் கோணலாகத் தொங்கியது.

"ஷூவுக்குள்ள கல்லு போயிடுச்சு... அதான் உட்கார்ந்தேன்" என்றான் மூச்சு வாங்கியபடி.

"அப்பாடா" என்றாள் வால் அக்கா. நிஜமாகவே நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்.

அந்த 'அப்பாடா'வுக்குக் காரணம் இருக்கிறது.

வால் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய தம்பி கோடைக்கு ஒரு தடவை இந்த மலைப்பாதையில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடத்துகிறான். பகலில் ஓடினால் பாதிப் பேர் வெந்துபோவார்கள் என்பதால் ராத்திரி எட்டு மணிக்குத் தொடக்கம். எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளுக்கும் கடைசியாக, அக்கா ஓடி வருவாள். வழி காட்டுவதற்காக மரத்துக்கு மரம் கட்டிய மின்னும் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். ஒருவரையும் காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது. அதனால்தான் வால் என்ற பெயர்.

போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டாள்.

பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த மனிதரைக் கவனிக்காமல் ரிப்பனே குறியாக வந்துவிட்டாள். விடியும் வரை அவர் காட்டில் கொசுக்களோடு குடித்தனம் நடத்தினார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அவள் வார்டுக்குள் நுழைந்தாலே, "சிஸ்டர், எண்ணிப் பார்த்துக்குங்க, எல்லா பேஷண்டும் இருக்காங்களா?" என்று கிண்டல். சிரித்து மழுப்புவாள். உள்ளே குத்தும்.

வனத்துறை ரேஞ்சர் சிரிக்கக்கூட இல்லை. இந்த முறை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அறுபத்திரண்டு பேர் உள்ளே போகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குள் அறுபத்திரண்டு பேரும் வெளியே வர வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் இந்தக் காட்டில் இனி ஓட்டம் கிடையாது. பார்த்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிய தம்பியின் கதி அதோகதி.

"எழுந்திருங்க சார். இன்னும் மூணே கிலோமீட்டர்தான்."

"நீங்க போங்க மேடம். நான் மெதுவா வர்றேன்."

"உங்களை விட்டுட்டா? நானா?"

"விடிஞ்சதும் வந்துடறேன். சத்தியமா."

"விடிஞ்சதுமா? சார், அந்தப் பேச்சே என்கிட்ட எடுக்காதீங்க."

அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். நோயாளிகளைத் தூக்கிப் பழகிய கை. அவன் எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது. நான்கு எட்டு வைத்தவன் முகம் சுளித்தான்.

"ஷூ கடிக்குதா?"

"ரொம்ப இறுக்கம்."

"ஓடறதுக்கு ஒரு சைஸ் பெருசா எடுக்கணும்னு கடையில சொல்லலையா?"

"அவசரத்துல எடுத்தது மேடம்."

"எதுலதான் அவசரப்படறதுன்னு இல்லையா? பையைக் குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன்."

அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். "வேண்டாம். இது என்கூடவே இருக்கட்டும்."

அப்போதுதான் வால் அக்காவின் செல்போன் அலறியது. தம்பி.

"அக்கா, எங்க இருக்கே?"

"பதினெட்டாவது கிலோமீட்டர். என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"போலீஸ் வந்திருக்காங்க. டவுன்ல கடையை உடைச்சுத் திருடினவன் வண்டியை மலையடியில போட்டுட்டு காட்டுக்குள்ள பூந்துட்டானாம். உனக்கு முன்னாடி எத்தனை பேரு?"

"ஒரே ஒருத்தர்தான். நாப்பத்தொண்ணு. என் பக்கத்துலயே நிக்கறாரு."

"அவரை விட்டுடாதக்கா."

"உயிரே போனாலும் விட மாட்டேன்" என்றாள் வால் அக்கா. பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் குரலைத் தாழ்த்தினாள். "சார், பயந்துடாதீங்க. காட்டுக்குள்ள ஒரு திருடன் சுத்தறானாம்."

அவன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "அப்படியா?"

"நான் இருக்கேன்ல? என்னைத் தாண்டித்தான் அவன் உங்க மேல கை வைக்கணும். ஓடுங்க."

ஓடினார்கள்.

அவன் நின்றபோதெல்லாம் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். உட்கார்ந்தபோது உப்பு மாத்திரையை வாயில் திணித்தாள். "கால் போச்சு மேடம்" என்றபோது, "காலைப் பத்தி யோசிக்காதீங்க, கையை வீசுங்க" என்றாள். இதற்கு நடுவே ரிப்பனையும் ஒன்று விடாமல் அவிழ்த்து இடுப்பில் சொருகிக்கொண்டே வந்தாள்.

ஓர் இறக்கத்தில் அவளுக்கு ஏதோ கேட்டது.

டிக்... டிக்... டிக்...

"அது என்ன சத்தம்?"

அவன் ஒரு கணம் திகைத்தான். "என் நெஞ்சு மேடம். பயத்துல அடிச்சுக்குது."

வால் அக்கா ஓடியபடியே காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினாள். நிமிஷத்துக்குச் சரியாக அறுபது. இருபது கிலோமீட்டர் ஓடிய மனிதனுக்கு அறுபது. பதினேழு வருஷ ஆஸ்பத்திரி வாழ்க்கையில் அவள் இப்படி ஓர் இதயத்தைக் கண்டதில்லை.

"அபாரமான இதயம் சார் உங்களுக்கு" என்றாள் மனதார.

பன்னிரண்டு ஐந்துக்கு எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள்.

விளக்கு வெளிச்சம், தண்ணீர் டிரம், நாற்காலிகள், ஈரத் துண்டுகள், வியர்வை நாற்றம். ஓடி முடித்தவர்கள் ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முட்டி மட்டும் ஒத்துழைத்திருந்தால், புழுக்கம் மட்டும் இல்லாதிருந்தால் என்று ஆளுக்கொரு கதை.

நாற்பத்தொன்றின் கழுத்தில் யாரோ மெடல் மாட்டினார்கள். அவன் நிற்கவில்லை.

"வண்டி நிறுத்தற இடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். பையைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி இருட்டுக்குள் போனான்.

தம்பி ஓடி வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அறுபத்திரண்டு! எண்ணிட்டேன். ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

வால் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷக் கிண்டல் அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்துபோனது.

கூடார மேஜையில் ரேஞ்சர் படிவத்தை விரித்து வைத்துப் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் விசிறிக்கொண்டு நின்றார்.

"எங்க ஆளுதான் இன்னும் உள்ள கிடக்கறான்" என்றார் இன்ஸ்பெக்டர் அலுப்போடு. "வாட்ச் கடையில பெரிய கை வச்சிருக்கான். பழைய காலத்து வாட்ச். சாவி கொடுக்கறது. ஒரு பை நிறைய."

வால் அக்காவின் கண்ணீர் பாதியில் நின்றது.

'டிக்... டிக்... டிக்...'

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டைம் கீப்பர் தலையைத் தூக்கினார். "அக்கா, நீங்க கூட்டிட்டு வந்த ஆளு ஒரு தினுசா இருக்காரே? பத்து வருஷமா இந்த வேலை பார்க்கறேன். ஓடி முடிச்சுட்டு 'என் டைமிங் என்ன'ன்னு கேக்காமப் போன முதல் ஆளு அவர்தான். மயக்கம் போட்டு விழுந்தவங்ககூட தெளிஞ்சதும் அதைத்தான் கேப்பாங்க."

இறுக்கமான ஷூ. ஒற்றை ஊக்கு. அவசரத்தில் எடுத்தது...



கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் தப்பு! அப்படியென்றால் நிஜமான நாற்பத்தொன்று எங்கே?

ரேஞ்சரின் பேனா காகிதத்தைத் தொடப் போனது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தம்பிக்கு அனுமதி. அவளுக்கு நல்ல பெயர். அறுபத்திரண்டு என்றால் அறுபத்திரண்டு. யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

கேட்பதற்குக் காட்டில் ஒருவர் இருந்தார்.

வால் அக்கா எட்டிப் பேனாவைப் பிடுங்கினாள்.

"கையெழுத்துப் போடாதீங்க சார். ஒருத்தர் இன்னும் உள்ளதான் இருக்காரு. நான் கூட்டிட்டு வந்தது திருடனை."



"அக்கா..." என்றான் தம்பி. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"போன வருஷமும் நீங்கதானே?" என்றார் ரேஞ்சர் மெதுவாக.

"நானேதான். மணி பன்னிரண்டு பத்து. ஒரு மணிக்குத்தானே கெடு? இன்ஸ்பெக்டர் சார், நொண்டிக்கிட்டு வண்டி நிறுத்தற பக்கம் போறான். பிடிங்க. நான் மேல போறேன்."

"தனியா எதுக்கு? நாலு பேரை அனுப்பறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வழி அவங்களுக்குத் தெரியாது சார். ரிப்பனை எல்லாம் நான்தான் அவிழ்த்துட்டேன்."

சொல்லும்போதே அவள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அடையாளம் ஒன்றுகூட இல்லாத காடு. அடையாளம் எல்லாம் அவள் இடுப்பில் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் எல்லா மரமும் ஒரே மரமாகத் தெரிந்தது. ஆனால் கை நினைவு வைத்திருந்தது. இந்த மரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது, நகத்தால் பிரித்தாள். இந்தக் கிளைக்கு எக்க வேண்டியிருந்தது. இந்த முள்ளில் விரல் கிழிந்தது, இதோ காயம். காயத்தைப் பார்த்துப் பார்த்து வழி கண்டுபிடித்தாள்.

மூச்சு நெஞ்சில் முட்டியது. பயமாக இருந்தது. அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஓடிய தூரமெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

அந்தப் புதர் வந்தது.

"சார்... நாப்பத்தொண்ணு சார்..."

பதில் இல்லை.

புதரை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இருபது எட்டு தள்ளி, ஒரு மரத்தடியில் ஏதோ அசைந்தது.

"ம்ம்... ம்ம்ம்..."

ஐம்பது வயது மனிதர். கைகள் மரத்தைச் சுற்றிப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. காலில் வெறும் சாக்ஸ். கழுத்துத் துணியாலேயே வாயை அடைத்திருந்தார்கள். வால் அக்கா பாய்ந்து துணியை உருவினாள்.

"சார், அடி ஏதாவது பட்டிருக்கா? மூச்சு விட முடியுதா?"

"வாட்ச்..." என்றார் அவர் திணறி.

"என்ன சார்?"

"என் வாட்ச்சை நிறுத்துங்க முதல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடிக்கிட்டே இருக்கு. சராசரி வேகம் நாசமாப் போச்சு."

வால் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பொத்தானை அமுக்கினாள். சந்தேகமே இல்லை, இவர் அசல் நாற்பத்தொன்றுதான்.

கட்டை அவிழ்த்தாள். இடுப்பிலிருந்த ரிப்பன்களை அவருடைய சாக்ஸ் மேல் சுற்றிச் சுற்றிக் கட்டினாள்.

"சார், மணி பன்னிரண்டு முப்பத்தஞ்சு. ஒரு மணிக்குள்ள கீழ இருக்கணும். முடியுமா?"

"வாட்ச்சை ஆன் பண்ணிக்கலாமா?"

"என்ன வேணா பண்ணிக்குங்க. ஓடுங்க!"

மின்னும் பாதங்களோடு அந்த மனிதர் இறக்கத்தில் இறங்கினார். இந்தத் தடவை வால் அக்கா அவர் தோளை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்தார். வந்தவரைப் பார்த்தார். வால் அக்காவின் முழங்காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு, "அந்தப் பேனாவைப் பிடுங்கினீங்களே... அதுக்காகவே அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் குடுக்கலாம்மா" என்றார்.

தம்பி அக்காவைக் கட்டிக்கொண்டான். இப்போது அழுதது அவன்.

"ஆளு கிடைச்சானா?" என்றாள் வால் அக்கா.

இன்ஸ்பெக்டர் மூலையைக் காட்டினார். திருடன் நாற்காலியில் இரண்டு காலையும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தான். முட்டியில் ஐஸ் கட்டி வைத்திருந்தார்கள்.

"துரத்தவே வேண்டியிருக்கலை. வண்டி நிறுத்தற இடத்துக்கு மூணு படி இறங்கணும். முதல் படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கால் மடங்க மாட்டேங்குது. 'சார், கொஞ்சம் கை குடுங்க'ன்னு என்னையே கேக்கறான்."

"சார், நான் நல்லது பண்ண வந்தவன்" என்றான் திருடன். "பை, ஷூ, லைட்டு, நம்பர் எல்லாம் காட்டுக்குள்ள அனாதையாக் கிடந்துச்சு. போலீஸ்ல ஒப்படைக்கத்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தேன்."

"வண்டி நிறுத்தற இடத்துலயா போலீஸ் ஸ்டேஷன் இருக்கு?"

"ஊருக்குப் புதுசு சார்."

இன்ஸ்பெக்டர் நாற்பத்தொன்றின் பக்கம் திரும்பினார். "இவன்தானே உங்களைக் கட்டிப் போட்டது?"

"முகத்தைப் பார்க்கலை சார். பின்னாலிருந்து வந்து லைட்டைப் பிடுங்கிட்டான். ஒரே இருட்டு."

"பார்த்தீங்களா?" என்றான் திருடன் நிம்மதியாக.

"பரவாயில்லை. நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

நாற்பத்தொன்று பேனாவை வாங்கினார். எழுதக் குனிந்தவரின் பார்வை எதிரே இருந்த கம்ப்யூட்டர் திரையில் விழுந்தது. அங்கேயே ஆணி அடித்த மாதிரி நின்றது.

41... 4:05:17.

"இது... என் நேரமா?"

"நம்பர் துணியில இருக்கற சிப் சொல்ற நேரம் சார்" என்றார் டைம் கீப்பர். "அழிச்சுட்டு சரியானதைப் போட்டுடறேன்."

"இருங்க. அவசரப்படாதீங்க." அவர் திரைக்குக் குறுக்கே கையை நீட்டினார். "ஒன்பது வருஷமா ஓடறேன். இதுவரைக்கும் என் பெஸ்ட் நாலு முப்பத்தொண்ணு."



நாற்பத்தொன்று பேனாவை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"இன்ஸ்பெக்டர் சார்... யோசிச்சுப் பார்த்தா, என்னை யாரும் கட்டிப் போடலை."

"என்னது?"

"நான்பாட்டுக்கு ஓடி வந்தேன். நாலு மணி அஞ்சு நிமிஷத்துல முடிச்சேன்."

"அப்ப கால்ல அந்த ரிப்பன்?"

"சும்மா... அழகுக்கு."

வால் அக்கா இடுப்பில் கை வைத்தாள். "மரத்துலேர்ந்து அவிழ்த்துக் கூட்டிட்டு வந்தேனே, நான் என்ன கனவா கண்டேன்? சார், பேசற பேச்சா இது?"

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். இந்த ஜென்மத்துல எனக்கு இனிமே இப்படி ஒரு நேரம் வராது."

"யோவ்."

குரல் மூலையிலிருந்து வந்தது.

திருடன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். முடியவில்லை. உட்கார்ந்தபடியே விரலை நீட்டினான்.

"நாலு அஞ்சு உன் நேரமா? மனசாட்சி இருக்கா உனக்கு? கடைசி மூணு கிலோமீட்டரும் ஓடினது யாரு? இந்தக் கால் ரெண்டையும் பாரு. நகம் மூணு போச்சு. அந்த அக்கா என்னை நிக்க விட்டாங்களா, உட்கார விட்டாங்களா? உன்னை நான் அமுக்கினப்போ நீ என்ன பண்ணிட்டிருந்தே? நடந்துக்கிட்டிருந்தே! இடுப்புல கை வச்சுக்கிட்டு ஆடி அசைஞ்சு நடந்துக்கிட்டிருந்தே. நான் மட்டும் வரலைன்னா அஞ்சு மணி நேரம் ஆகியிருக்கும் உனக்கு."

இன்ஸ்பெக்டர் சத்தம் போடாமல் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"எந்த இடத்துல அமுக்கினே?" என்றார் அன்பாக.

"பதினெட்டாவது கிலோமீட்டர்ல சார். அங்கேருந்து எல்லைக்கோடு வரைக்கும் ஒவ்வொரு அடியும் என் அடி. எழுதிக்குங்க."

"எழுதிக்கிட்டேன். கடையை உடைச்சதும் நீதானே?"

"நான்தான் சார், அதை யாரு இல்லைன்னா? இப்போ பேச்சு அதைப் பத்தி இல்லை..."

திருடன் நிறுத்தினான்.

கூடாரத்தில் இருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். இன்ஸ்பெக்டரின் பேனா கடைசி வரியில் புள்ளி வைத்தது. திருடன் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"சரி விடுங்க சார், நான் உள்ள போறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு புகார் கொடுக்கணும்."

"யார் மேல?"

"இதோ நிக்கறாரே, இவர் மேலதான். என் டைமிங்கைத் திருடப் பார்த்தாரு."

இன்ஸ்பெக்டர் புதுத் தாளை எடுத்தார். "சாட்சி யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்களே" என்று வால் அக்காவைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டான் திருடன். "நான் தப்பிச்சுப் போறேன்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சியும், விட மாட்டேன்னு கூடவே ஓடி வந்தாங்க."